மரிக்காரும் நாமும்: எஸ். ராம்தாஸின் நகைச்சுவை பற்றிய ஒரு நோக்கு

எண்வகை மெய்ப்பாடுகளை வகுத்துரைத்த தொல்காப்பியர் நகையையே அவற்றுள் முதலாவதாக வைத்தார். நகை தோன்றுதற்குரிய நிலைக்களன்கள் நான்கெனக் கூறும் அவர், எள்ளலை முதலிற் கூறுகின்றார். எள்ளல் பற்றி உரையாசிரியர் தரும் விளக்கம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. நாம் பிறரை எள்ளும்போது நமக்குச் சிரிப்பு வருகின்றது. பிறர் நம்மை எள்ளும்போதும் நமக்குச் சிரிப்பு வருவதுண்டு என எள்ளலை அவர் இருவகைப்படுத்துவர். முதலாவது சிரிப்பை விளங்கிக்கொள்வது எளிது. தன்னைப் பிறர் எள்ளுகையில் ஒருவன் ஏன் சிரிக்கின்றான் என்பதே கடினமான வினா. ஈழத்து வானொலி நகைச்சுவையில் இவ்வினாவுக்கு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டாக அமைபவர், ‘மரிக்கார்’ என்ற முஸ்லிம் பாத்திரத்தால் நாடறிந்த கலைஞராகிய எஸ். ராம்தாஸ் ஆவார். அவர் முஸ்லிம் அல்லர், தமிழர். அவருடைய கலைவாழ்வையும், அப்பாத்திரத்தைக் கல்முனைக் கரையோரத்து முஸ்லிம்களாகிய நாம் எவ்வாறு செவிமடுத்தோம் என்பதையும் ஒருங்கே நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ராம்தாஸை மதிப்பிடுவதற்கு முன், அவர் கால்பதித்த களத்தைச் சுருக்கமாக அறிந்துகொள்ளுதல் வேண்டும். இலங்கையில் வானொலி ஒலிபரப்பு 1925ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. 1949இல் ‘ரேடியோ சிலோன்’ என்ற பெயரில் அது விரிவடைந்தது. 1967இல் கூட்டுத்தாபனமாகி, 1972இன் பின் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் எனப் பெயர் பெற்றது. அதன் தமிழ் வர்த்தக சேவைக்கு இந்நாட்டில் மட்டுமன்றிப் பாக்கு நீரிணைக்கு அப்பால் தமிழ்நாட்டிலும் பெருந்தொகையான நேயர்கள் இருந்தனர். வானொலி நாடகத் துறையில் ‘சானா’ என அழைக்கப்பட்ட எஸ். சண்முகநாதனின் பணி அடித்தளமாக அமைந்தது. இலங்கையர்கோனின் ‘விதானையார் வீட்டில்’, சானாவின் ‘லண்டன் கந்தையா’ முதலிய தொடர்கள் யாழ்ப்பாணப் பேச்சு வழக்கை நாடெங்கும் ஒலிக்கச் செய்தன. மேடையிலும் திரையிலும் செந்தமிழ் வசனத்தையே கேட்டுப் பழகிய செவிகளுக்கு, அடுத்த வீட்டுக்காரர் பேசுவது போன்ற தமிழ் வானொலிப் பெட்டியிலிருந்து வந்தமை புதிய அனுபவமாயிற்று.

இதனோடு இணைத்து நோக்க வேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. 1960களின் தொடக்கத்தில் ஈழத்து இலக்கிய உலகிலே மரபு பற்றிய கடும் விவாதம் எழுந்தது. கதைகளில் பேச்சுத்தமிழைக் கையாள்வது இழிசனர் வழக்கைப் புகுத்துவதாகும் எனப் பண்டிதர் சிலர் சாடினர். மண்வாசனையும் தேசிய இலக்கியமும் வேண்டிநின்ற முற்போக்காளர் இதனை எதிர்த்தனர். பேச்சு வழக்கு அவமானத்துக்குரியதா, அழகுக்குரியதா என்ற வாதம் ஏட்டிலே நடந்துகொண்டிருக்கையில், வானொலி தன் வழியிலே விடையைக் கூறிக்கொண்டிருந்தது. மக்கள் அதை விரும்பிக் கேட்டனர்.

1970களின் அரசியல், பொருளாதாரச் சூழலும் உள்ளூர்க் கலைக்குச் சாதகமாயிற்று. 1970இல் பதவியேற்ற ஐக்கிய முன்னணி அரசு இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தியது. தென்னிந்திய வணிக சஞ்சிகைகளின் வரவும் குறைந்தது. 1972இல் திரைப்படக் கூட்டுத்தாபனம் தொழிற்படத் தொடங்கியது. வெளியிலிருந்து வந்த சரக்கு சுருங்கவே, உள்ளூரிலே எழுதவும் நடிக்கவும் பாடவும் வல்லோருக்கு வாய்ப்பு அதிகரித்தது. இக்காலப்பகுதியிலேதான் ராம்தாஸ் எழுதி நடித்த ‘கோமாளிகள் கும்மாளம்’ என்னும் வானொலித் தொடர் பெரும் புகழீட்டியது.

அத்தொடரின் அமைப்பு எளிமையானது. வெவ்வேறு வகையான தமிழைப் பேசும் சிலர் ஓரிடத்தில் கூடுகின்றனர். ஒருவர் பேச்சை மற்றவர் தவறாக விளங்கிக்கொள்கின்றார். அதிலிருந்து சிரிப்புப் பிறக்கின்றது. ராம்தாஸ் முஸ்லிம் தமிழ் பேசும் மரிக்காராக வந்தார். ரி. ராஜகோபால் யாழ்ப்பாணத்துக் கிராமியத் தமிழ் பேசும் அப்புக்குட்டியாக வந்தார். எஸ். செல்வசேகரன் சிங்களவர் ஒருவர் பேசும் தமிழில் உபாலியாக வந்தார். பி.எச். அப்துல் ஹமீத் பிராமணத் தமிழ் பேசும் ஐயராக வந்தார். வானொலியில் முகம் தெரியாது, உடையும் தெரியாது, குரலும் உச்சரிப்புமே ஆளை அடையாளங் காட்டும். எனவே, கேட்டமாத்திரத்தே இன்னார் என்று நேயர் உணருமாறு ஒவ்வொரு பாத்திரத்தின் பேச்சும் கூர்மையாகச் செதுக்கப்பட்டிருத்தல் வேண்டும். ராம்தாஸ் எழுத்தாளராகவும் நடிகராகவும் வெற்றிபெற்றது இந்தச் செவிக்கூர்மையினாலேயே எனலாம்.

வானொலியிற் பெற்ற வெற்றி திரைக்கு வழிகோலியது. 1976இல் ‘கோமாளிகள்’ திரைப்படமாக வெளிவந்தது. ராம்தாஸின் எழுத்தில், எஸ். இராமநாதன் இயக்கத்தில், எம். முகம்மது அதனைத் தயாரித்தார். 1962இல் ‘சமுதாயம்’ வெளிவந்தது முதல் ஈழத்துத் தமிழ்ப் படங்கள் பலவும் இழப்பையே கண்டன. அத்தகைய சூழலில் மக்கள் மனமுவந்து வரவேற்ற மிகச் சில படங்களுள் ‘கோமாளிகள்’ ஒன்று. இதனைத் தொடர்ந்து 1978இல் ராம்தாஸின் ‘ஏமாளிகள்’ வெளிவந்தது. தென்னிந்தியப் படங்களோடு தொழில்நுட்பத்திலே போட்டியிட இயலாத நிலையிலும், தென்னிந்தியா தரமுடியாத ஒன்றை இப்படங்கள் தந்தன. அது இந்நாட்டு மக்களின் பேச்சு.

இங்கு ஒரு விடயம் மனங்கொளத்தக்கது. முஸ்லிமாக நடித்தவர் தமிழர். ஐயராக நடித்தவர் முஸ்லிம். சிங்களவராக நடித்தவர் தமிழர். ராஜகோபால் நீங்கலாக, மற்ற மூவரும் தத்தம் சமூகத்துக்கு வெளியே சென்று இன்னொரு சமூகத்தின் குரலை இரவல் பெற்றனர். அந்த இரவல் பெயர்கள் அவர்களோடு ஒட்டிக்கொண்டன. ‘மரிக்கார் ராம்தாஸ்’, ‘உபாலி செல்வசேகரன்’ என்றே மக்கள் இறுதிவரை அழைத்தனர். ஒரு தமிழர் தம் பெயருக்கு முன்னே முஸ்லிம் பெயரையும், இன்னொரு தமிழர் சிங்களப் பெயரையும் பட்டம்போலத் தாங்கி வாழ்ந்தனர். பெயரை வைத்து மனிதரைப் பிரித்துத் தாக்கிய 1983 யூலையை நினைக்கும்போது இப்பெயர்களின் அருமை நன்கு புலப்படும்.

இனி, கல்முனைக்கு வருவோம்.

எனது மூத்தவாப்பா நெற்செய்கையாளர். 1970களிலே இளைஞராயிருந்த அவருக்கு வயல்வாடியிலும் வீட்டிலும் வானொலியே பொழுதுபோக்கு. மரிக்காரைப் பற்றிக் கேட்டால் இப்போதும் அவர் சிரிக்கின்றார். சிரித்துவிட்டு, “ஆனா அது நம்மட பேச்சில்ல மகள், கொழும்பாக்கள்ர பேச்சு” என்று சொல்வார். இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அவருடைய இந்த ஒரு வசனமே. அவர் வைத்திருந்த வானொலிப் பெட்டி 2004ஆம் ஆண்டு கடற்கோளில் வீட்டோடு போய்விட்டது. வசனம் எஞ்சியுள்ளது.

அவர் சொன்னது மொழியியல் உண்மையாகும். இலங்கை முஸ்லிம்களின் தமிழ் ஒருபடித்தானதன்று. கொழும்பு முதலிய மேற்கு, தெற்குப் பகுதிகளில் ‘இருக்கிறது’ என்பது ‘ஈக்கி’ என்றும், ‘சொல்லு’ என்பது ‘செல்லு’ என்றும் ஒலிக்கும். மூத்த சகோதரர் ‘நானா’ ஆவார். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பகுதிகளில் ‘நம்மட’, ‘மறுகா’, ‘கிறுகி’ என்பன அன்றாடச் சொற்கள். மூத்த சகோதரர் ‘காக்கா’ ஆவார். ‘மறுகா’வும் ‘நம்மட’வும் பாண்டிருப்பிலும் காரைதீவிலும் வாழும் தமிழர் வாயிலும் வழங்குவன. வாப்பா, உம்மா, ராத்தா முதலிய உறவுப்பெயர்களும் அறபுச் சொற்களும் நமக்கே உரியன. ஏனைய பெரும்பகுதி அயலவரோடு பொதுவானது. கல்முனைக்குடியைப் பிறப்பிடமாகக் கொண்ட பேராசிரியர் எம்.ஏ. நுஃமான் முஸ்லிம் தமிழை மொழியியல் நோக்கில் ஆராய்ந்து, இத்துறையிலே நமக்கு வழிகாட்டியுள்ளார். பேச்சு மதத்தைப் பின்பற்றும் அளவுக்கு மண்ணையும் பின்பற்றுகின்றது என்பது இவ்வுதாரணங்களால் தெளிவாகும். வானொலி நகைச்சுவையோ ஒரு மதத்துக்கு ஒரு பேச்சு என்ற சுருக்கத்தின்மேல் கட்டப்பட்டிருந்தது.

‘மரிக்கார்’ என்ற பெயரும் ஆராயத்தக்கது. மேற்குக் கரையிலே அது குடும்பப் பெயர். நமது பகுதியில் அது ஒரு பதவி. தாய்வழியாக வரும் குடிமுறை இக்கரையோரத்துத் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் உண்டு. முஸ்லிம் ஊர்களிலே ஒவ்வொரு குடியின் சார்பிலும் பள்ளிவாசல் நிருவாகத்தில் அமர்பவர் மரைக்கார் எனப்பட்டார். ஊர்வழக்குகளைத் தீர்த்துவைத்த கனவான்கள் அவர்கள். எனவே வானொலியிலே ‘மரிக்கார்’ என்ற பெயர் ஒலித்தபோது கொழும்பு நேயருக்குத் தோன்றிய உருவம் வேறு. கல்முனை நேயருக்குத் தோன்றிய உருவம் வேறு. பள்ளிவாசல் மரைக்காரின் பெயரையுடைய ஒருவர் தடுமாறிப் பேசுவதைக் கேட்ட இளைஞர்களுக்கு, ஊர்ப்பெரியவரைப் பார்த்துச் சற்றே இரகசியமாகச் சிரிக்கும் வாய்ப்பும் கிடைத்திருக்கும் எனக் கருதுவதில் தவறில்லை.

ராம்தாஸ் மீது வைக்கத்தக்க குறையும் இங்கேதான் எழுகின்றது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் முஸ்லிம் என்றதும் வியாபாரி என்ற படிமமே முன்வரும். மரிக்காரின் கொழும்புத் தமிழ் அப்படிமத்தோடு எளிதில் இயைந்தது. ஆனால், 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்ட அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்திலே முஸ்லிம்களுட் பலர் நெல்விளைவிப்போர், மீன்பிடிப்போர்; மருதமுனையில் நெசவுத் தொழில் செய்வோர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அம்பாறை மாவட்ட மக்களில் ஏறத்தாழ 43 சதவீதத்தினர் முஸ்லிம்கள். இத்துணைப் பெரிய உழைக்கும் மக்கட் கூட்டத்தின் குரல் அந்த நால்வர் கூட்டத்தில் இடம்பெறவில்லை. மட்டக்களப்புத் தமிழரின் குரலும் அங்கு இல்லை என்பதையும் சேர்த்தே கூறவேண்டும். கிழக்கு முழுவதுமே அந்தக் கும்மாளத்துக்கு அழைக்கப்படாத விருந்தாளியாக நின்றது. ஏட்டிலே மருதூர்க்கொத்தன் போன்ற எழுத்தாளர் நம் மண்ணின் மொழியைச் சிறுகதையிற் கையாண்டனர். சிரிப்பிலே அத்தகையவர் அந்நாளில் நாடளாவிய புகழ் பெறவில்லை.

ஒரு சமூகத்தின் பேச்சை அச்சமூகத்தில் பிறந்தவரே நடிப்பதற்கும், வெளியார் நடிப்பதற்கும் வேறுபாடு உண்டா? கே.எஸ். பாலச்சந்திரனின் ‘அண்ணை றைற்’ என்னும் தனிநடிப்பு இங்கு ஒப்பிடத்தக்கது. 1944இல் கரவெட்டியிற் பிறந்த அவர், யாழ்ப்பாணத்துப் பஸ் நடத்துநர் ஒருவரையும் அவர் எதிர்கொள்ளும் பிரயாணிகளையும் ஒருவராகவே நின்று நடித்துக் காட்டினார். யாழ்ப்பாணத்தவரை யாழ்ப்பாணத்தவர் எள்ளிய எள்ளல் அது. அதனை எவரும் குறைகூறவில்லை. பிற்காலத்தில் அவர் கனடாவுக்குப் புலம்பெயர்ந்து 2014இல் மறைந்தார். நம் மூத்தவர்கள் மரிக்காரைக் கேட்டுச் சிரித்ததை இதனோடு சமமாக வைக்கவியலாது. அது பிறர் தம்மை எள்ள, அதைக் கேட்டுத் தாம் நகுதல்.

இதே சிக்கல் பிரித்தானியத் தொலைக்காட்சியிலும் அதே காலத்தில் எழுந்தது. 1974இல் பிபிசி தொடங்கிய ‘இற் எய்ன்ற் ஹாஃப் ஹொட் மம்’ என்ற தொடரில் மைக்கேல் பேற்ஸ் என்ற ஆங்கில நடிகர் முகத்துக்குக் கருமை பூசி, ரங்கி ராம் என்ற இந்தியப் பணியாளராக நடித்தார். அவர் இந்தியாவில் ஜான்சியிற் பிறந்தவர். உருது பேச வல்லவர். எனினும் அந்நடிப்பு பின்னர் கடுமையான கண்டனத்துக்குள்ளாயிற்று. ‘ரில் டெத் அஸ் டூ பார்ட்’ என்ற மற்றொரு தொடரில் யூத வமிசத்தவரான வொரன் மிச்செல், அந்நியரை வெறுக்கும் அல்ஃப் கார்னெற் என்ற பாத்திரத்தை ஏற்றார். இனவெறியை நகைப்புக்கிடமாக்குவதே நோக்கம். ஆயின் பார்வையாளருட் பலர் அல்ஃபைக் கண்டு சிரிப்பதற்குப் பதிலாக, அவனோடு சேர்ந்து சிரித்தனர். எள்ளல் எந்தத் திசையிற் பாயும் என்பதை நடிகர் தீர்மானிக்க முடியாது. அதனைச் சபையே தீர்மானிக்கின்றது என்பதற்கு இது தக்க சான்று.

இந்த அளவுகோலை மரிக்காருக்குப் பொருத்திப் பார்த்தால் என்ன தெரிகின்றது? பேற்ஸின் நடிப்பிலே ஆண்ட இனத்தவர் ஆளப்பட்டவரின் குரலை எடுத்துக்கொண்டார். அவர் குரலை எடுத்துக்கொள்ள எந்த இந்தியருக்கும் அத்தொடர் இடந்தரவில்லை. ‘கோமாளிகள்’ கூட்டத்திலோ கொடுக்கல் வாங்கல் இருந்தது. ராம்தாஸ் மரிக்காராகும் அதே மேடையில் அப்துல் ஹமீத் ஐயராகின்றார். எல்லோரும் கோமாளிகள், எவரும் நடுவர் இல்லர். தன்னையும் அடுத்தவர் எள்ளுவார் என்று அறிந்தே ஒருவர் அடுத்தவரை எள்ளுகின்றார். எனது மூத்தவாப்பாவின் சிரிப்பிலே கைப்பு இல்லாமைக்கு இதுவே காரணமென நான் எண்ணுகின்றேன். முஸ்லிமுக்காக அவர் சிரித்தது ஒரு பங்கு. ஐயருக்காகவும் அப்புக்குட்டிக்காகவும் உபாலிக்காகவும் சிரித்தது மூன்று பங்கு. பெரும் விவசாய சமூகமொன்றை அக்கூட்டம் மறந்தது உண்மை. ஆயினும் அது வெறுப்பை விதைக்கவில்லை என்பதும் உண்மை. இரண்டையும் ஒருசேரச் சொல்லுவதே நேர்மையான மதிப்பீடாகும்.

அத்தகைய கூட்டம் நிலைத்து நிற்கக் காலம் இடங்கொடுக்கவில்லை. 1983 யூலை வன்செயல்களிலே ஹெந்தளையிலிருந்த கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டு, படச்சுருள்கள் பல சாம்பலாயின. தமிழ்க் கலைஞர் பலர் நாட்டை விட்டகன்றனர். 1985இலும் 1990இலும் நமது கரையோரத்திலேயே தமிழரும் முஸ்லிம்களும் மோதி இரத்தம் சிந்தினர். 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். அதே மாதத்தில் வீரமுனையிலே தமிழர் கொல்லப்பட்டனர். அக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் தம் தாயகத்திலிருந்து வெளியேற்றப்பட்டனர். இவற்றின்பின், ஒரு தமிழர் முஸ்லிம் குரலிலே பேசிச் சிரிப்பூட்டுவதை முன்போல இலேசாக எடுத்துக்கொள்ள எவராலும் இயலவில்லை. சொற்கள் மாறவில்லை, சபை மாறிவிட்டது. செல்வசேகரன் 2012இல் காலமானார். ராம்தாஸ் சென்னையிலே வாழ்ந்து, 2016இல் அங்கேயே காலமானார். மரிக்கார் என்ற பெயர் அவரோடு சென்னை வரை சென்றது.

இன்று கல்முனை இளைஞர் தம் சொந்தப் பேச்சிலே நகைச்சுவைக் காட்சிகளைத் தாமே கைத்தொலைபேசியிற் பதிவுசெய்து பரப்புகின்றனர். ‘மறுகா’வும் ‘நம்மட’வும் இன்று எவருடைய அனுமதியையும் எதிர்பாராது ஒலிக்கின்றன. ராம்தாஸ் விட்ட குறையை இது நிறைவு செய்கின்றது எனலாம். எனினும் இதிலும் ஒரு குறை தென்படுகின்றது. நாம் நம்மையே நடிக்கின்றோம். பாண்டிருப்பார் தம்மையே நடிக்கின்றனர். ஒருவர் குரலை மற்றவர் இரவல் பெறும் துணிவும், இரவல் கொடுக்கும் தாராளமும் இன்னும் திரும்பவில்லை. நமது நிலப்பகுதியிலே ஒரு தமிழூரும் ஒரு முஸ்லிம் ஊரும் மாறிமாறி அமைந்துள்ளன. இடையே இருப்பது ஒரு வீதி அல்லது ஒரு தரவை. பேச்சும் பெரும்பாலும் ஒன்று. அவ்வாறிருக்க, ஒருவரையொருவர் நடித்துக்காட்டி இருவரும் சேர்ந்து சிரிக்கும் மேடையொன்று நமக்கு வாய்க்காதது ஏன் என்ற வினாவைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் மாணவர்களாகிய நாமே எழுப்புதல் வேண்டும்.

முதற்படியாக நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. அந்த வானொலி நாடகங்களைக் கேட்டுச் சிரித்த தலைமுறை மறைந்துகொண்டிருக்கின்றது. எங்கே இருந்து கேட்டார்கள், எதற்குச் சிரித்தார்கள், எவ்விடத்தில் முகஞ்சுளித்தார்கள் என்பதை அவர்களிடமே கேட்டுப் பதிவுசெய்தல் வேண்டும். காரைதீவிலும் கேட்கவேண்டும், சாய்ந்தமருதிலும் கேட்கவேண்டும். எனது மூத்தவாப்பாவிடம் அண்மையில் மீண்டும் கேட்டேன்: “நம்மட பேச்சில்ல எண்டா, ஏன் வாப்பா சிரிச்சீங்க?” சற்று யோசித்துவிட்டு அவர் சொன்னார்: “அவன் நம்மளப் பேசிப் பாக்கிறானே எண்டுதான்.” உரையாசிரியர் வகுத்த இரண்டாவது வகை நகைக்கு இதைவிட நல்ல உரை எனக்குக் கிடைக்கவில்லை.